கொழும்பும் நீர்கொழும்பும் கம்பஹாவும் ஒரே நகரமா? எதை வைத்து அளப்பது?

வெள்ளவத்தை06 கேட்டது:

மேல் மாகாணம் பற்றிய எந்தத் திட்ட அறிக்கையைத் திறந்தாலும் முழு மாகாணத்தையும் ஒரே நிறத்தில் பூசி "கொழும்பு மாநகரப் பிராந்தியம்" என்று எழுதியிருக்கிறார்கள். செய்மதிப் படத்திலும் நீர்கொழும்பிலிருந்து களுத்துறை வரைக்கும் கூரைகள் விடாமல் போகின்றன. ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டை எடுத்தால் கம்பஹா மாவட்டத்தில் நகரவாசிகள் 15.6 வீதம்தான். களுத்துறையில் 8.9. அந்தக் கணக்கில் களனியும் கடவத்தையும் கிராமம்!

உயர்தரப் புவியியல் செயற்றிட்டம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். பக்கத்துப் பக்கத்து நகரங்கள் உண்மையிலேயே ஒரே நகரப் பகுதியாகிவிட்டனவா என்பதை எந்த அளவுகோலால் சொல்வது? இங்கே கிடைக்கிற தரவை வைத்துச் செய்யக்கூடிய முறை வேண்டும். எல்லைக் கோட்டை எங்கே நிறுத்துவது? கண்டியையும் சேர்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு என்ன பதில்?

பேலியகொடைப்பாலம்:

முதலில் அந்த 15.6ஐத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். அது நகரத்தை அளந்த எண் அல்ல, சபையின் பெயர்ப்பலகையை எண்ணிய எண். இலங்கையில் மாநகர சபைக்குள்ளோ நகர சபைக்குள்ளோ இருந்தால் நகரம். பிரதேச சபைக்குள் இருந்தால், எத்தனை மாடி எழும்பியிருந்தாலும், கிராமம். முன்பு பட்டின சபை என்று ஒரு வகை இருந்தது, அதுவும் நகரக் கணக்கில் சேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தோடு அவை பிரதேச சபைகளுக்குள் கரைந்தன. 1981இல் 21.5 வீதமாக இருந்த நாட்டின் நகர மக்கள்தொகை 2012இல் 18.2 வீதமாகக் "குறைந்த" கதை இதுதான். யாரும் பட்டணத்தை விட்டு வயலுக்குத் திரும்பவில்லை.

கொழும்பு-நீர்கொழும்பு 240 பஸ் போகிற ஏ3 வீதியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். களனி கங்கையைக் கடந்ததும் பேலியகொடை நகர சபை: நகரம். வத்தளை-மாபொல நகர சபை: நகரம். மஹபாகே வத்தளை பிரதேச சபைக்குள்: கிராமம். கந்தானை ஜா-எல பிரதேச சபைக்குள்: கிராமம். ஜா-எல நகர சபை: மறுபடியும் நகரம். சீதுவை, கட்டுநாயக்க: நகரம். கடைசியில் நீர்கொழும்பு மாநகரம். பஸ் ஜன்னலால் பார்த்தால் கடை, வங்கி, பாமசி, தேவாலயம், மறுபடி கடை. எந்த இடத்திலும் "கிராமம் ஆரம்பம்" என்று ஒன்றும் தெரியாது. கண்டி வீதிப் பக்கம் இன்னும் மோசம்: களனி, கிரிபத்கொடை, கடவத்தை எல்லாம் பிரதேச சபை எல்லை. பல்கலைக்கழகம் ஒன்றே அந்தக் "கிராமத்தில்" இருக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. கடுவளை 2011இல்தான் மாநகர சபையானது. சுமார் இரண்டரை இலட்சம் பேர் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு நகரத்தவர் ஆனார்கள். ஆகவே 2001ஐயும் 2012ஐயும் ஒப்பிட்டு "கொழும்பு மாவட்டம் இவ்வளவு வேகமாக நகரமயமானது" என்று வரைபு போடாதீர்கள். வளர்ச்சியும் பெயர்மாற்றமும் அதில் கலந்து கிடக்கின்றன.

இந்தியக் குடிசன மதிப்பீட்டு விதியைப் பரீட்சார்த்தமாகப் போட்டுப் பாருங்கள்: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீற்றருக்கு 400 பேர், ஆண் தொழிலாளரில் 75 வீதம் விவசாயத்துக்கு வெளியே. அந்த விதிக்கு கொழும்பைச் சுற்றிய பிரதேச சபைப் பகுதிகளில் பெரும்பாலானவை சுலபமாகத் தேறும். இலங்கையின் விதி நிர்வாகத்துக்கு வசதியானது. உங்கள் கேள்விக்கு உதவாது.

கட்டம்_1கிமீ:

பாலத்தார் சொன்னது சரி. நான் செய்முறையைச் சொல்கிறேன்.

"ஒரே நகரம்" என்பதற்கு முதல் சோதனை கட்டடத் தொடர்ச்சியும் அடர்த்தியும். 2020இல் ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட நகரமயமாதல் தர முறை இதற்குப் பொருத்தமானது. நாட்டை 1 சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 1,500 பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, அப்படியான கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தம் 50,000 பேரைத் தாண்டினால் அது நகர மையம். 300 பேர், மொத்தம் 5,000 என்றால் அடுத்த நிலைக் கொத்து. கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: நகர மையத்துக்குக் கட்டங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்ட வேண்டும், மூலையோடு மூலை தொட்டால் சேராது. இரண்டாம் நிலைக் கொத்துக்கு மூலை தொட்டாலும் போதும். ஜிஎச்எஸ்எல் என்ற உலகக் குடியிருப்புக் கட்டத் தரவை இலவசமாக இறக்கலாம், அதில் இந்த வகைப்படுத்தல் ஏற்கனவே செய்யப்பட்டிருக்கிறது. குறியீடு 30 என்றால் நகர மையம், 21 என்றால் புறநகர்.

கட்டத் தரவு பிடிக்கவில்லை என்றால் கிராம அலுவலர் பிரிவுகளை எடுங்கள். கொழும்பு மாவட்டத்தில் 557, கம்பஹாவில் 1,177, களுத்துறையில் 762. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பிரிவு எல்லையை ஏற்றி, முதலில் இலங்கை கட்டம் 1999க்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 5235க்கு மாற்றுங்கள். அகலாங்கு நெட்டாங்கிலேயே பரப்பளவு கணக்கிட்டால் விடை பாகையில் வரும், குப்பை. பிறகு மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்து, 1,500க்கு மேற்பட்டதை மட்டும் தெரிந்து, ஒட்டியவற்றைக் கரைத்து ஒன்றாக்கி, ஒவ்வொரு துண்டினதும் மொத்தத்தைக் கூட்டுங்கள்.

பிழைக்கும் இடங்கள்:

மாவட்டச் சராசரி முதலாவது பொறி. கம்பஹா மாவட்டம் 2012இல் சுமார் 23 இலட்சம் பேர், சதுர கி.மீ.க்கு ஏறக்குறைய 1,700. "ஆகா, முழு மாவட்டமும் 1,500ஐத் தாண்டிவிட்டது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. நீர்கொழும்பும் வத்தளையும் களனியும் தூக்கிக்கொடுத்த சராசரி அது. மீரிகம, திவுலபிட்டியப் பக்கம் தென்னந்தோப்பும் வயலும்தான்.

இரண்டாவது, ஈரநிலம். முத்துராஜவெல சுமார் 3,000 ஹெக்டேயர். அதன் கரையிலுள்ள பிரிவு ஒன்றின் எல்லைக்குள் பாதி சதுப்பு என்றால், வீடுகள் நெருக்கமாக இருந்தாலும் அடர்த்தி விழுந்துவிடும், சங்கிலி அறுந்ததுபோலத் தெரியும். வகுக்கும் பரப்பிலிருந்து நீரையும் சதுப்பையும் கழியுங்கள். தெற்கே பொல்கொடை வாவி, அத்திடிய சதுப்புப் பக்கமும் இதே வேலை வேண்டும். ஆனால் கழித்துவிட்டு "தொடர்ச்சி இருக்கிறது" என்று மட்டும் எழுதாமல், நடுவில் சதுப்பு இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கொழும்புக்கு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததே இந்த "இடைவெளிகளால்"தான்.

மூன்றாவது, இரவு விளக்குப் படம். பார்க்க அழகு, அளக்க உதவாது. ஒளி பக்கத்துக் கட்டங்களுக்குக் கசியும். கட்டுநாயக்க விமான நிலையமும் அதிவேகப் பாதை விளக்குகளும் ஆளில்லாத இடத்தை நகரமாகக் காட்டும். கண்டி வீதியில் கடவத்தை, நிட்டம்புவ, வரக்காப்பொலை, கேகாலை என்று ஒரு வெளிச்ச நூல் ஓடும். அது நூல்தான், துணியில்லை. வீதிக்கு இருபுறமும் ஒன்றிரண்டு காணி ஆழத்துக்குக் கடை வீடு, அதற்குப் பின்னால் வயல். கட்ட முறையில் இந்த நூல் பெரும்பாலும் 1,500ஐ எட்டாமல் தானாக உதிர்ந்துவிடும். கண்டியைச் சேர்க்கச் சொல்கிறவர்களுக்கு முதல் பதில் அங்கேயே கிடைக்கும்.

சீசன்_டிக்கெட்:

கட்டத் தம்பி சொன்னதில் பிழை இல்லை, ஆனால் அது பாதிக் கதை. கூரை ஒட்டியிருப்பதும் வாழ்க்கை ஒட்டியிருப்பதும் ஒன்றல்ல. இரண்டு நகரங்கள் இணைந்தனவா என்று பார்க்க உலகெங்கும் எடுக்கிற அளவு, காலையில் யார் எங்கே போகிறார் என்பதுதான்.

அமெரிக்காவில் மாவட்டம் போன்ற "கவுண்டி" ஒன்றில் வசிக்கும் தொழிலாளரில் 25 வீதம் மையத்துக்கு வேலைக்குப் போனால், அல்லது அங்குள்ள வேலைகளில் 25 வீதத்தை மையத்தவர் நிரப்பினால், அது அந்த மாநகரப் பகுதிக்குள் வரும். இரண்டு மாநகரப் பகுதிகளைச் சேர்த்துப் பார்க்க இன்னொரு கணக்கு: சிறிய பகுதியில் வசிப்போரில் பெரிய பகுதிக்கு வேலைக்குப் போகிறவர் வீதம், அதோடு சிறிய பகுதியிலுள்ள வேலைகளில் பெரிய பகுதியிலிருந்து வருவோர் செய்யும் வீதம். இரண்டையும் கூட்டி 15 வந்தால் "கூட்டு" பகுதி. உதாரணத்துக்கு, நீர்கொழும்புத் தொழிலாளர் 100 பேரில் 13 பேர் கொழும்புக்குப் போகிறார்கள், நீர்கொழும்பிலுள்ள 100 வேலைகளில் 3 வேலை கொழும்பாருடையது என்று வையுங்கள். 16, தேறிவிட்டது. இது கணக்கை விளக்க வைத்த எண், அளந்த எண் அல்ல. உங்கள் செயற்றிட்டத்தில் இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாசலை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஐரோப்பிய ஒன்றியமும் ஓஈசீடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பும் 15 வீதம் என்கின்றன. ஜப்பானின் புள்ளிவிபரப் பணியகம் மாநகர வட்டத்துக்கு மக்கள்தொகையில் 1.5 வீதம் மைய நகருக்குப் போய்வந்தாலே போதும் என்கிறது. ஜப்பானிய வாசலைப் போட்டால் கொழும்பின் வட்டம் மாகாண எல்லையையே தாண்டக்கூடும். அமெரிக்க 25ஐப் போட்டால் வெகுவாகச் சுருங்கும். சான் பிரான்சிஸ்கோவும் சான் ஹோசேயும் வெளியாருக்கு ஒரே விரிகுடாப் பகுதி. அமெரிக்கக் கணக்கில் அவை இரண்டு தனி மாநகரப் பகுதிகள், கூட்டுக் கணக்கில் மட்டும் ஒன்று. வொஷிங்டனும் பால்டிமோரும் அப்படியே. டலஸும் போர்ட் வேர்த்தும் மட்டும் ஒரே பகுதிக்குள் இரண்டு பிரிவுகளாக இருக்கின்றன. ஆகவே "ஒன்றா இரண்டா" என்று யாராவது கேட்டால் முதலில் "எந்த வாசல்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இங்கே தரவு? மேல் மாகாணத்துக்கு ஜைக்கா என்ற ஜப்பானிய உதவி நிறுவனத்தின் துணையோடு 2013இல் செய்த வீட்டுப் பயண ஆய்வு இருக்கிறது. எங்கிருந்து எங்கே என்ற அட்டவணை அதிலிருந்து வரும். பழையதுதான். அதைச் சரிபார்க்க ரயில் நிலையவாரியாக சீசன் டிக்கெட் விற்பனையைக் கேட்டுப் பெறலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறதே. ஆனால் சீசன் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் கோச்சிப் பாதை இல்லாத இடங்கள் காணாமல் போகும். பியகமவும் மாலபேயும் ரயில் வரைபடத்தில் கிடையாது.

இலங்கைக்கென்றே இரண்டு பொறிகள். ஒன்று கட்டுநாயக்க. 1978இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம், அதோடு விமான நிலையம், ஏராளமான வேலை. ஆனால் வலயத்துப் பிள்ளைகளில் பெரும்பகுதி வீட்டிலிருந்து போய்வருகிறவர்கள் அல்லர். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, வலயத்தைச் சுற்றிய போர்டிங்குகளில் தங்குகிறவர்கள். பயண ஆய்வில் அவர்கள் "பக்கத்திலிருந்து நடந்து போகிறவர்" என்று பதிவாவார்கள். விளைவு, கட்டுநாயக்க யாரையும் சார்ந்திராத தனி நகரம்போலத் தெரியும். அது தன்னிறைவு அல்ல, இடையிடையே மட்டும் ஊருக்குப் போகிற பயணம் கணக்கில் விழாத குறை.

மற்றது பள்ளிக்கூடம். அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் வேலைப் பயணத்தை மட்டும் எண்ணும். ஜப்பானிய விதி பள்ளிப் பயணத்தையும் சேர்க்கும். கொழும்பில் காலை ஏழு மணி நெரிசலைச் செய்வதில் பள்ளி வானுக்குப் பெரிய பங்கு உண்டு. வத்தளை, ஹெந்தளைப் பிள்ளைகள் கொட்டாஞ்சேனைக்கும் பம்பலப்பிட்டிக்கும் போகிறார்கள். அந்த வீடு கொழும்போடு ஒட்டியிருப்பது அப்பாவின் வேலையால் அல்ல, பிள்ளையின் பள்ளியால். ஆய்வு அட்டவணையில் பயண நோக்கம் தனி நிரலாக இருக்கும். வேலையை ஒரு முறையும், வேலை கூட்டல் கல்வியை இன்னொரு முறையும் போட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை06:

மிக்க நன்றி. சீசன் அக்கா, ஒன்று கேட்கட்டுமா? காலி, குருநாகலிலிருந்துகூடத் தினமும் ஒபீஸ் கோச்சியில் கோட்டைக்கு வருகிறார்கள். அவையும் கொழும்போடு சேருமா? தெற்கு அதிவேகப் பாதை வந்தபிறகு கொட்டாவையிலிருந்து காலி ஒரு மணித்தியாலம்தானே.

சீசன்_டிக்கெட்:

வருகிற தலையை எண்ணாதீர்கள், வீதத்தை எண்ணுங்கள். காலியிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஆட்கள் வரலாம், காலியின் மொத்தத் தொழிலாளரில் அது எத்தனை? கொழும்புக்கு இழுவை இருக்கிறது என்பதற்கு அது சான்று. காலி கொழும்பின் பகுதி என்பதற்கு அல்ல.

அதிவேகப் பாதை விஷயமும் அப்படித்தான். 2011இல் திறந்த அந்தப் பாதையில் வழியில் இறங்க முடியாது. கஹதுடுவ, கெலனிகம, தொடங்கொட என்று இடைமாறல்களில் மட்டும் வாசல். இரண்டு முனைகளைக் கிட்டக் கொண்டுவருகிறது, நடுவை அப்படியே விட்டுவிடுகிறது. பழைய காலி வீதியும் கரையோர ரயிலும் செய்த வேலை வேறு. ஒவ்வொரு மைலுக்கும் ஒரு தரிப்பு, ஒவ்வொரு தரிப்பைச் சுற்றியும் ஒரு ஊர். தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை, பாணந்துறை கோர்த்தது அப்படித்தான்.

சோலைவரி:

எல்லோரும் காலையில் போகிற ஆட்களையே எண்ணுகிறீர்கள். குழாயில் வருகிற தண்ணீரையும் லொறியில் போகிற குப்பையையும் யார் எண்ணுவது?

தண்ணீர் எல்லையை எப்போதோ அழித்துவிட்டது. களனி கங்கையின் அம்பத்தளையில் எடுக்கிற நீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களும் கொழும்புக்கு. வறட்சியில் ஆற்றின் ஓட்டம் குறைந்தால் கடலிலிருந்து உப்பு மேலேறி அம்பத்தளை வரைக்கும் அச்சுறுத்தும். அதற்காக ஆற்றுக்குக் குறுக்கே உப்புத் தடுப்பு போட வேண்டிவரும். வடக்கு நகரங்களுக்குப் பியகமவிலிருந்து, தெற்குப் பக்கத்துக்குக் களு கங்கையின் கந்தானையிலிருந்து. (ஹொரணைப் பக்கத்துக் கந்தானை. ஜா-எலக் கந்தானையோடு குழப்பாதீர்கள், இந்த நாட்டில் ஒரே பெயருக்குப் பஞ்சமில்லை.) இதையெல்லாம் ஒரே தேசிய சபை பார்க்கிறது, ஆகவே தண்ணீரில் இது ஒரே நகரம்.

குப்பையில் நேர்மாறு. குப்பை உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. கொழும்பு மாநகர சபைக்கு இருப்பது 37 சதுர கி.மீ., அதற்குள் ஐந்தரை இலட்சத்துக்கு மேல் சனம். கொட்டுவதற்கு இடமில்லை. கொழும்பின் குப்பை கொலன்னாவை நகர சபை எல்லைக்குள் மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று சரிந்து 30க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்கள் வரி கட்டிய சபை வேறு, குப்பை வந்த சபை வேறு. அதற்குப் பிறகுதான் கெரவலப்பிட்டியும் களனியில் ஏற்றிப் புத்தளம் அருவக்காட்டுக்கு ரயிலில் அனுப்பும் திட்டமும். ஒரு நகரத்தின் கழிவு அந்த நகரத்துக்குள் அடங்காதபோது "பிராந்தியம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. ஆனால் அந்தப் பிராந்தியத்தைக் கேட்டுப் பதில் சொல்ல ஒரு மேசை கிடையாது. மேல் மாகாணத்தில் 7 மாநகர சபைகள், அதோடு நகர சபைகளும் பிரதேச சபைகளும். அத்தனைக்கும் தனித்தனிச் சோலைவரி (வீடு, காணிக்கு சபை அறவிடும் வரி), தனித்தனி ட்ரக்டர்.

திட்டம் போடாமலும் இல்லை. 1948இல் பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர் அபர்குரொம்பி என்பவர் ராகமை, ஹோமாகம, இரத்மலானையைத் துணை நகரங்களாக வைத்து ஒரு பிராந்தியத் திட்டம் தந்தார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. 2015க்குப் பிறகு மெகாபொலிஸ் அமைச்சே இருந்தது, 2019இல் போய்விட்டது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயிலை 2020இல் நிறுத்தினார்கள். அமைச்சு வரும், போகும். சோலைவரிப் புத்தகம் மட்டும் அதே சபையில் கிடக்கும். இணைந்த நகரம் என்று நீங்கள் எழுதினால், "இணைந்தது, ஆனால் ஆளப்படாதது" என்று ஒரு பந்தி போடுங்கள்.

நூறு_நாற்பத்தெட்டு:

பஸ் எல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் மாகாண அதிகார சபையிடம். மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி. நீர்கொழும்பைத் தாண்டிக் கொச்சிக்கடையில் மஹா ஓயா. பாலத்தின் இந்தப் பக்கம் மேல் மாகாணம், அந்தப் பக்கம் வடமேல் மாகாணம், புத்தளம் மாவட்டம். வைக்கால, வென்னப்புவ என்று வீடும் ஓட்டுத் தொழிற்சாலையும் தேவாலயமும் விடாமல் தொடர்கின்றன. தெற்கே அளுத்கமவுக்கும் பெந்தோட்டைக்கும் நடுவில் ஆறு, அங்கும் அதே கதை. "மேல் மாகாணம் = பெருநகரம்" என்று எடுத்துக்கொண்டால் வென்னப்புவ வெளியே, பாலிந்தநுவர உள்ளே. இது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, குறுக்குப் பாதை. 100, 138, 177, 200, 240 இலக்க பஸ்கள் எல்லாம் மையத்தைப் பார்த்து ஓடுகிற ஆரக்கால்கள். கிரிபத்கொடைக்கும் அங்குலானைக்கும் ஓடும் 154 போல புறக்கோட்டையில் போய் முட்டாமல் குறுக்கே போகிறவை சொற்பம். களனி கங்கைக்கு மேல் பாலங்களும் சொற்பம். கம்பஹாவிலிருந்து மாலபேக்கு வேலைக்குப் போகிறவர் பொதுப் போக்குவரத்தில் கொழும்புக்குள் வந்து வெளியேறுவதா, கடவத்தை வழியாகச் சுற்றிக் கடுவளைக்குப் போவதா என்று தினமும் கணக்குப் போட வேண்டும். வெளிச்சுற்று அதிவேகப் பாதை கெரவலப்பிட்டி வரைக்கும் முடிந்தது 2019இல்தான்.

ஹமில்டன்_வாய்க்கால்:

148 சொன்ன ஆரக்கால் விஷயம்தான் இந்தக் கேள்வியின் முடிச்சு. எல்லோரும் "இணைந்ததா, இல்லையா" என்று பார்க்கிறீர்கள். இணைந்தவை எவை என்று யாரும் கேட்கவில்லை.

அசல் பல்மைய நகரப் பகுதியை ஜேர்மனியின் ரூர் பள்ளத்தாக்கிலும் நெதர்லாந்தின் ரான்ட்ஸ்டாட்டிலும் பாருங்கள். அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம், ஹேக், உட்ரெக்ட், நான்கும் தனித்தனியே வளர்ந்த பழைய நகரங்கள். ஒன்று வங்கி, ஒன்று துறைமுகம், ஒன்று அரசு. நடுவில் வயலும் புல்வெளியும் கிடக்கிறது, அதாவது கட்டத் தம்பியின் சோதனையில் தோற்கக்கூடும். ஆனால் காலையில் எல்லாத் திசையிலும் ஆள் போகும். 1961இல் புவியியலாளர் ஜோன் கொட்மன் பொஸ்டனிலிருந்து வொஷிங்டன் வரை ஒரே நகரத் தொடர் என்று காட்டியபோதும், பொஸ்டன்காரர் வொஷிங்டனுக்குத் தினமும் போய்வருகிறார் என்று சொல்லவில்லை. அது சங்கிலி. ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையத்தை மட்டும் பிடிக்கும். பயணச் சீட்டைப் பார்த்தாலும் தெரியும்: ரூர் பக்கத்து வீஆர்ஆர் என்ற போக்குவரத்துக் கூட்டணி 1980இலிருந்தே பல நகரங்களுக்கு ஒரே கட்டண முறை நடத்துகிறது, ஆனால் கொலோன் இன்னும் வேறு கூட்டணியில்தான். அங்கேயும் தையல் தெரிகிறது.

கொழும்பு அப்படியல்ல. தெஹிவளை-கல்கிசை, கோட்டே, கடுவளை மாநகர சபை என்ற பலகை வைத்திருக்கின்றன, ஆனால் அவை கொழும்போடு வந்து சேர்ந்த நகரங்கள் அல்ல. கொழும்பு வழிந்து நிரப்பிய இடங்கள். கோட்டே பழைய இராசதானிதான், இன்றும் பாராளுமன்றம் அங்கேதான், ஆனாலும் இன்றைய கோட்டேயின் வீடுகளை நிரப்பியது கொழும்பு. பெயர்களே சொல்லும்: கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை இருப்பது ராகமையில், கம்பஹா மாவட்டத்தில். கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை களுபோவிலையில். மெனிங் மரக்கறிச் சந்தை புறக்கோட்டையை விட்டுப் பேலியகொடைக்குப் போனபோது மாவட்டம் மாறியது, சந்தையின் ஆட்கள் மாறவில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி, காலை ரயிலின் இரண்டு திசையையும் எண்ணுவது. கோட்டைக்கு வருகிறது தொங்கிக்கொண்டு வருகிறது, திரும்பிப் போகிறதில் படுத்துக்கொண்டு போகலாம். இரண்டு திசையும் ஏறக்குறைய சமமானால் சகோதர நகரங்கள். ஒன்று நிரம்பி மற்றது வெறுமையானால் ஒரு நகரமும் அதன் படுக்கையறைகளும்.

நீர்கொழும்பு மட்டும் என்னைப் பொறுத்தவரை உண்மையான இரண்டாவது நகரம். துறை, மீன், தேவாலயம், பள்ளி, ஹோட்டல், வலயம் என்று சொந்தக் காலில் நிற்கிறது. தனக்கென்று சிலாபப் பக்கம் வரை பின்னிலமும் இருக்கிறது. கொழும்போடு அதன் தொடர்பும் இன்றையதல்ல. களனி கங்கையையும் நீர்கொழும்புக் களப்பையும் ஹமில்டன் வாய்க்கால் இணைத்தது 1804இல். தொலைபேசிக் குறியீட்டில்கூட அந்தத் தனித்தன்மை ஒட்டியிருக்கிறது: ஜா-எலயும் விமான நிலையமும் 011, நீர்கொழும்பு 031. கம்பஹா 033, பாணந்துறை 038. பழைய பரிவர்த்தனை நிலையங்களின் எல்லைதான், அதை அளவுகோலாக எடுக்கச் சொல்லவில்லை.

கட்டம்_1கிமீ:

ஹமில்டன் அண்ணாவோடு பெரும்பாலும் உடன்பாடு. படுக்கையறை என்பதில் மட்டும் ஒரு திருத்தம். கோச்சி கோட்டைக்குப் போவதால் கோட்டையை நோக்கிய பயணம்தான் கோச்சியில் தெரியும். மொறட்டுவையின் தச்சுப் பட்டறை, பியகம வலயம், மாலபே பல்கலைக்கழகங்கள், பேலியகொடைச் சந்தை, இவற்றை நோக்கிய பயணம் மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் நிறுவன பஸ்ஸிலும் போகிறது. ரயிலை மட்டும் எண்ணினால் பழைய கொழும்பைத்தான் அளப்பீர்கள். 2013 அட்டவணையில் எல்லா வாகனத்தையும் சேர்த்து, கொழும்பு மாநகரத்தைத் தொடாத பயணங்களை மட்டும் தனியே பிரித்துக் கூட்டுங்கள். அந்தப் பங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இது பல்மையம்.

வெள்ளவத்தை06:

சரி, இப்படிச் செய்யப் போகிறேன். பிரதேச செயலாளர் பிரிவுகளை அலகாக எடுக்கிறேன்: கொழும்பில் 13, கம்பஹாவில் 13, களுத்துறையில் 14. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிரல்: சதுப்பு கழித்த அடர்த்தி, மையத்துக்குப் போகும் வேலைப் பயண வீதம், கல்வியோடு சேர்த்த வீதம், மையத்தைத் தொடாத பயணப் பங்கு. வாசலை 15க்கும் 25க்கும் தனித்தனியே போட்டு இரண்டு வரைபடம். வென்னப்புவவுக்குப் பயணத் தரவு வராது, அடர்த்தியை மட்டும் காட்டலாமா?

சீசன்_டிக்கெட்:

காட்டலாம், ஆனால் வேறு நிறத்தில், "பயணம் அளக்கப்படவில்லை" என்று குறிப்போடு. வெள்ளையாக விட்டால் பார்க்கிறவர் அங்கே நகரம் முடிகிறது என்று நினைப்பார்.

மையம் என்று எடுக்கும்போது கொழும்புப் பிரதேச செயலகத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மாநகர சபை எல்லை கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரண்டு பிரிவுகளும் சேர்ந்தது. திம்பிரிகஸ்யாயவை மறந்தால் உங்கள் வெள்ளவத்தையே வெளி ஊராகி, அங்கிருந்து கோட்டைக்குப் போகிற அத்தனை பேரும் "நகரங்களுக்கிடைப் பயணிகள்" ஆகிவிடுவார்கள்.

சோலைவரி:

2024 குடிசன மதிப்பீட்டில் கம்பஹா மாவட்டம் கொழும்பு மாவட்டத்தை முந்திவிட்டது. அடர்த்தி நிரலுக்கு 2012ஐப் பாவிக்காமல் புதியதை எடுங்கள். பயண நிரல் 2013 என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.